ஸ்கெல்லிக்கா, சால்ட்டியா, புல் தீவா? அயர்லாந்துக் கரையில் பறவைப் படம் எடுக்க எங்கே போவது

பஃபின் என்ற வண்ண அலகுக் கடற்பறவையைப் படம் எடுக்க வேண்டும், எங்கே போகலாம்? டப்ளினில் கேமரா வைத்திருக்கும் நம் ஆட்கள் ஏப்ரல் பிறந்ததும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. உடனே வரும் பதில் ஸ்கெல்லிக் மைக்கேல், இல்லையென்றால் மோஹர் பாறைகள். இரண்டுமே பார்க்க வேண்டிய இடங்கள்தான், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் இடத்தைப் பார்ப்பது வேறு, அங்கே பறவையைப் படமெடுப்பது வேறு. படம் என்று வந்துவிட்டால், பறவை எவ்வளவு கிட்டத்தில் வரும், நாம் நிற்கும் நேரத்தில் வெளிச்சம் எப்படி இருக்கும், படம் சரியாக வராவிட்டால் அடுத்த வாரமே திரும்பப் போக முடியுமா என்று பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம், அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

ஸ்கெல்லிக்கிலிருந்தே தொடங்குகிறேன், அதிகப் பணம் அங்கேதான் போகிறது. கெர்ரி கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக்கில் நிற்கும் பாறைத் தீவு. மேலே பழங்காலத் துறவிகள் கட்டிய கல் குடில்கள், அங்கே ஏற 618 படிகள், 1996 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஒரு நாளைக்கு 180 பேரைத்தான் இறங்க விடுகிறார்கள், அதுவும் மே மத்தியிலிருந்து செப்டம்பர் வரை மட்டும். படகுக் கட்டணம் தலைக்கு 100 யூரோவைத் தாண்டும். டப்ளினிலிருந்து படகு கிளம்பும் போர்ட்மகீ வரை காரில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் என்பதால் முந்தின இரவே போய்த் தங்கித்தான் ஆக வேண்டும். இத்தனையும் செய்து முடித்த பிறகு, காலையில் கடல் சரியில்லை, இன்று படகு கிடையாது என்று சொல்லிவிடலாம். நடுக்கோடையிலும் இது சாதாரணமாக நடப்பதுதான். இறங்கினாலும் தீவில் கிடைப்பது இரண்டரை மணி நேரம் போல. அதில் படி ஏறி இறங்கவே பாதி போய்விடும். பஃபின்கள் கிட்டத்தில் இருக்கும், படிக்கட்டு ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் குறுகலான படியில், பின்னால் ஆட்கள் காத்திருக்க, நடுப்பகல் வெளிச்சத்தில் எடுக்கும் படம் அது. வாழ்க்கையில் ஒரு தடவை அந்தத் துறவிகளின் இடத்தைப் பார்க்கத் தாராளமாகப் போங்கள். பஃபின் படத்துக்காக மட்டும் என்றால் நான் போக மாட்டேன்.

இதில் ஒரு மாற்று வழி உண்டு. தீவில் இறக்காமல் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும் படகுகள் இருக்கின்றன, கட்டணமும் குறைவு. அவை சின்ன ஸ்கெல்லிக்கை ஒட்டிப் போகும். அந்தப் பாறையில் சுமார் 35,000 ஜோடி கேனட் என்ற பெரிய வெள்ளைக் கடற்பறவைகள் கூடு கட்டுகின்றன, அயர்லாந்தின் மிகப் பெரிய கேனட் குடியிருப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் பாறைக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி தெரியும். கிட்டப் போகப் போக அந்த வெள்ளை அசையத் தொடங்கும், அப்புறம் வாடையும் சத்தமும். கேனட் பறக்கும் படம் வேண்டும் என்பவருக்கு, ஏற்கெனவே கெர்ரி பக்கம் போகும் திட்டம் இருந்தால், இது நல்ல செலவு.

மோஹர் பாறைகளைச் சட்டென்று முடித்துவிடலாம். 214 மீட்டர் உயரம், மேலே நின்று கீழே பார்க்கிறோம், பஃபின்கள் கோட் தீவு என்ற திட்டில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். 600 மி.மீ. லென்ஸ் போட்டாலும் பறவை சட்டத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் வரும். பைனாகுலர் எடுத்துப் போய்ப் பாருங்கள், சந்தோஷமாக இருக்கும். ராத்லின் தீவும் ஏறக்குறைய அப்படித்தான். மேற்குக் கலங்கரை விளக்கத்தில் ஆர்எஸ்பிபி என்ற பிரிட்டன் பறவைப் பாதுகாப்புச் சங்கம் நடத்தும் பார்வை மேடையிலிருந்து பார்க்கும் காட்சி அபாரம், ஆனால் பறவைகள் எதிர்ப் பாறையில். அதோடு ராத்லின் இருப்பது வட அயர்லாந்தில், அதாவது பிரிட்டன் ஆட்சிப் பகுதி. எல்லையில் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை என்பதால் பலர் கவனிப்பதில்லை; இந்தியப் பாஸ்போர்ட்டில் அயர்லாந்து அனுமதி அட்டை மட்டும் வைத்திருப்பவர்கள் பிரிட்டன் விசா இல்லாமல் அங்கே போகக்கூடாது. விசா கையில் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

சரி, பஃபினுக்கு எங்கேதான் போவது? கிரேட் சால்ட்டி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெக்ஸ்ஃபர்ட் மாவட்டத்தின் தெற்குக் கோடியில் கில்மோர் கீ என்று ஒரு மீன்பிடி ஊர். அங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டர் கடலில் இருக்கிறது தீவு. டப்ளினிலிருந்து காரில் இரண்டரை மணி நேரத்துக்குள் கில்மோர் கீ போய்விடலாம், விடியற்காலை கிளம்பினால் தங்க வேண்டியதில்லை. தீவு தனியார் சொத்து. 1943-இல் மைக்கேல் நீல் என்பவர் வாங்கி, தன்னையே சால்ட்டித் தீவுகளின் இளவரசராக அறிவித்துக்கொண்டார். கல் சிம்மாசனம்கூட இன்னும் அங்கே இருக்கிறது. அவர் குடும்பம் இன்றும் மக்களை இலவசமாக இறங்க விடுகிறது, காலை 11 மணியிலிருந்து மாலை 4:30 வரை. படகுக் கட்டணம் மட்டும்தான், ஸ்கெல்லிக்கோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. தீவில் துறைமேடை கிடையாது. பெரிய படகிலிருந்து சின்ன ரப்பர் படகுக்கு மாறி, பாசி பிடித்த கல்லில் கால் வைத்து இறங்க வேண்டும், முழங்கால் வரை நனையலாம். கேமரா பை நீர் புகாததாக இருக்கட்டும், மாற்றுச் சாக்ஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை, கடை, நிழல் எதுவும் இல்லை. குடிக்கத் தண்ணீரும் சாப்பாடும் நாமே கொண்டுபோக வேண்டும்.

இறங்கிய பிறகு கிடைப்பதுதான் விஷயம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் உங்கள் கையில், அவசரப்படுத்த ஆள் இல்லை. பஃபின்கள் சரிவில் வளை தோண்டிக் கூடு வைக்கின்றன. பாதை ஓரமாகப் புல்லில் உட்கார்ந்து அசையாமல் இருந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் கடலிலிருந்து வந்து இறங்கி, நாலைந்து மீட்டரில் நின்று தலையைச் சாய்த்து நம்மைப் பார்க்கும். வெறும் 28 சென்டிமீட்டர் பறவை, நம் ஊர்ப் புறாவைவிடக் குட்டி. படங்களில் மட்டும் பார்த்தவர்களுக்கு அது முதல் ஆச்சரியம். ஜூன் கடைசியிலும் ஜூலை முதல் பாதியிலும் போனால் அலகு நிறைய மீனோடு வரும். வெள்ளி நூல் மாதிரி மணல் விலாங்குகள் இரண்டு பக்கமும் தொங்கும். அத்தனை மீனையும் நழுவ விடாமல் எப்படி அடுத்ததைப் பிடிக்கிறது என்றால், நாக்கிலும் மேல்வாயிலும் பின்பக்கம் பார்த்த முட்கள் இருக்கின்றன, பிடித்த மீனை நாக்கால் மேலே அழுத்திக்கொண்டு அலகைத் திறந்து இன்னொன்றைப் பிடிக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மீன்களின் கண்கள்கூடத் தெரியும். மே மாதத்தில் போனால் பஃபின் இருக்கும், மீன் இருக்காது. ஆகஸ்டில் போனால் பஃபினே இருக்காது, எல்லாம் கடலுக்குப் போயிருக்கும்.

தெற்கு முனையில் கேனட் குடியிருப்பு. ஸ்கெல்லிக்கில் படகிலிருந்து அண்ணாந்து பார்க்கும் பறவையை இங்கே கண் மட்டத்தில், சில மீட்டர் தூரத்தில் பார்க்கலாம்: வெளிர் மஞ்சள் தலை, அலகைச் சுற்றிக் கரும்பட்டை, வெளிர் நீலக் கண். 2022-இல் பறவைக் காய்ச்சல் கேனட்களைக் கடுமையாகத் தாக்கியது. அதிலிருந்து பிழைத்த பறவைகளில் சிலவற்றின் கண் கறுத்துவிட்டதை ஸ்காட்லாந்தில் கண்டுபிடித்தார்கள். அதனால் கேனட்டைக் கிட்டத்தில் எடுக்கும்போது கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுங்கள், அந்தப் படத்துக்கு அழகு தாண்டியும் பயன் உண்டு. செத்த பறவை கிடந்தால் தொடக்கூடாது என்பதும் இதோடு சேர்ந்தது.

சால்ட்டியின் குறை வெளிச்சம். 11 மணியிலிருந்து 4:30 என்பது ஜூன் மாதத்தில் சூரியன் தலைக்கு மேல் இருக்கும் நேரம், காலை மாலைப் பொன் வெளிச்சத்துக்கு வழியே இல்லை. அதனால் வெயில் நாளைவிட மெல்லிய மேகம் போட்ட நாளே நல்லது. வெயில் அடித்தால் கேனட்டின் வெள்ளை இறகு வெளிறி விவரமே இல்லாமல் போய்விடும். கருநீலக் கடல் பின்னணியில் எடுக்கும்போது எக்ஸ்போஷரை முக்கால், ஒரு ஸ்டாப் குறைத்து வையுங்கள். பஃபினின் வெள்ளை மார்புக்கும் இதே கதைதான். இன்னொரு குறை, கோடையில் வார இறுதிப் படகுகள் சீக்கிரம் நிறைந்துவிடும், காற்று அடித்தால் ரத்தாகும். ஆனால் ரத்தானாலும் ஸ்கெல்லிக் அளவு பணமும் விடுமுறையும் போகாது. இன்னொரு ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு ஹோத். டார்ட் ரயில் கடைசி நிறுத்தம், டப்ளின் நடுவிலிருந்து அரை மணி நேரம். துறைமுகத்திலிருந்து கோடையில் அயர்லாந்துஸ் ஐ தீவுக்குப் படகு போகிறது. அந்தத் தீவின் ஓரத்தில் தனியாக நிற்கும் ஒரு பாறைத் தூணில் 1980-களின் கடைசியில் கேனட்கள் குடியேறின, இன்று அது நிறைந்து வழிகிறது. கில்லிமட், ரேசர்பில், கிட்டிவேக் என்ற கடற்பறவைகளும் அதே பாறையில் அடுக்கடுக்காக. பஃபின் வெகு சில, அதை நம்பிப் போக வேண்டாம். படகு ஆடிக்கொண்டே இருப்பதால் ட்ரைபாட் வீண் சுமை. கையில் தூக்கக்கூடிய 100-400 லென்ஸ், ஷட்டர் வேகம் 1/2000-க்குக் குறையாமல் வைத்தால் பறக்கும் கேனட் கூர்மையாக விழும். ஹோத் துறைமுகத்திலேயே சாம்பல் நிறக் கடல்நாய்கள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். மீன் வாங்கிப் போட்டுப் படம் எடுப்பவர்களைப் பார்க்கலாம், அதைச் செய்யாதீர்கள். மனிதர் கையை எதிர்பார்த்துப் பழகிய கடல்நாய் கடைசியில் தானும் அடிபடும், மற்றவரையும் கடிக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் கோடை. அயர்லாந்தில் பறவைப் படம் என்றால் கோடை மட்டும்தான் என்று பலரும் நினைத்துக் கேமராவை அக்டோபரில் அலமாரியில் வைத்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இந்த நாட்டின் கடற்கரைக்குப் பறவைகள் வந்து குவியும் காலமே அப்போதுதான் தொடங்குகிறது. அதைப் பார்க்க விமானமும் வேண்டாம், படகும் வேண்டாம். நார்த் புல் தீவு (ஆங்கில Bull, தரையில் முளைக்கும் புல் அல்ல) டப்ளின் நகருக்குள்ளேயே இருக்கிறது, ரஹேனி டார்ட் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

அந்தத் தீவு இருநூறு வருடங்களுக்கு முன்னால் கிடையாது. துறைமுக வாயில் மணல் அடைக்காமல் இருக்க 1820-களில் வடக்குப் பக்கம் ஒரு கல் சுவர் கட்டினார்கள். அலைகள் அதன் பின்னால் மணலைக் கொண்டுவந்து சேர்க்கச் சேர்க்க, இன்று 5 கிலோமீட்டர் நீளத்துக்குத் தீவாகிவிட்டது. 1931-இல் பறவைகள் சரணாலயம், 1981-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். தீவுக்கும் கரைக்கும் நடுவே சேற்றுவெளியும் உப்புச் சதுப்பும், அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் ஒரு சாலை. படம் எடுப்பவருக்கு வேண்டியது அந்தச் சாலைதான்.

இங்கே எல்லாமே கடல் ஏறி இறங்குவதைப் பொறுத்தது. கடல் வற்றிக் கிடக்கும்போது போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் சேறு, பறவைகள் எங்கோ கடைசியில் பொடிப்பொடியாக மேயும். பலர் அந்த நேரத்தில் வந்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று திரும்பிப் போகிறார்கள். கடல் ஏற ஏற அந்தப் பறவைகளுக்கு நிற்க இடம் குறைந்துகொண்டே வரும், தண்ணீரே அவற்றைத் தள்ளிக்கொண்டு சாலை ஓரத்துக்குக் கொண்டுவந்துவிடும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் நின்றுவிட வேண்டும், நாம் நடந்து பறவையை நெருங்க வேண்டியதே இல்லை. இதில் டப்ளினுக்கு ஒரு அதிர்ஷ்டம்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றங்கள் இங்கே ஏறக்குறைய நண்பகலில்தான் உச்சத்துக்கு வரும். டிசம்பரில் பகல் ஏழரை மணி நேரம்தான், அந்தக் குட்டிப் பகலின் நடுவில் ஏற்றம் வந்து நிற்கிறது. குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்வாகவே போவதால் நண்பகல் வெளிச்சம்கூடக் கோடையின் சாயங்கால வெளிச்சம் மாதிரி மென்மையாக விழும். பகல் உச்சி தாண்டியதும் சாலையின் வடக்குப் பக்கம் பார்த்து நில்லுங்கள், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஆகவே வீட்டுக் காலண்டரில் அமாவாசை பௌர்ணமியைப் பார்த்து அதற்கு அடுத்த ஒன்றிரண்டு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, சரியான நேரத்துக்குக் கடல் ஏற்ற இறக்க அட்டவணையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும்.

என்ன பறவைகள்? கோடியக்கரையில் பார்த்துப் பழகியவர்களுக்குப் பாதிப் பெயர் தெரிந்ததாகவே இருக்கும். கருவால் மூக்கன், பவளக்காலி, கோட்டான் (ஆந்தை அல்ல, வளைந்த நீள அலகுள்ள கர்லூ), ஊசிவால் வாத்து, தட்டைவாயன். இங்கே வரும் கருவால் மூக்கன்கள் மட்டும் ஐஸ்லாந்தில் கூடு கட்டுபவை. ஆனால் புல் தீவின் நாயகன் பிரென்ட் கூஸ் என்ற காட்டு வாத்து. கறுத்த தலை, கழுத்தில் சின்ன வெள்ளைக் கீற்று, வெளிர் வயிறு. கனடாவின் வடதுருவத் தீவுகளில் குஞ்சு பொரித்து, கிரீன்லாந்தின் பனியைத் தாண்டி, ஐஸ்லாந்தில் இறங்கித் தெம்பு ஏற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி குளிர்காலத்தைக் கழிப்பது அயர்லாந்தில்தான். முதலில் கடற்புல்லைத் தின்னும், அது தீர்ந்ததும் நகருக்குள் வந்துவிடும். பக்கத்திலிருக்கும் செயின்ட் ஆன்ஸ் பூங்காவின் விளையாட்டுத் திடல்களில் நூற்றுக்கணக்கில் தலையைக் குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

இங்கே கொஞ்சம் நின்று கூர்ந்து பாருங்கள். கூட்டம் ஒரே மாதிரி தெரிந்தாலும் அது குடும்பம் குடும்பமாகத்தான் மேய்கிறது. இறக்கையில் வெள்ளை வரிகள் குறுக்கே ஓடினால் அது இந்த வருடக் குஞ்சு. இரண்டு பெரியவற்றுக்கு நடுவே மூன்று வரிப் பறவைகள் என்றால் அந்தக் கோடையில் வடதுருவத்தில் அவற்றுக்கு நல்ல காலம். சில வருடங்களில் கூட்டம் முழுக்கத் தேடினாலும் வரிப் பறவை அபூர்வம். சில பறவைகளின் காலில் எழுத்துப் போட்ட வண்ண வளையம் இருக்கும், 400 மி.மீ. லென்ஸிலேயே அந்த எழுத்தைப் படிக்கும் அளவுக்குப் படம் வரும். பிரென்ட் கூஸ் ஆய்வுக் குழுவுக்கு அனுப்பினால், அந்தப் பறவை முன்பு எங்கெங்கே பார்க்கப்பட்டது என்ற விவரம் திரும்பி வரும். ஸ்கெல்லிக் பஃபின் படம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. காலில் எழுத்துத் தெரியும் இந்தப் படம் ஒரு பறவையின் வரலாற்றில் ஒரு வரி. என் மனச்சாய்வு எந்தப் பக்கம் என்று இதற்குள் தெரிந்திருக்கும்.

நாயைக் கட்டாமல் விடுவதும், படத்துக்காகக் கூட்டத்தை எழுப்பிவிடுவதும் இங்கே பெரிய பிரச்சினை. ஒவ்வொரு தடவை கூட்டம் எழும்பும்போதும் குளிரைத் தாங்கச் சேர்த்த தெம்பு வீணாகிறது. பறக்கும் படம் வேண்டுமா, காத்திருங்கள், ஏற்றம் அவற்றைத் தானாக எழுப்பும்.

கோடைக்கு இன்னொரு இடம் சொல்ல வேண்டும், கொஞ்சம் தயக்கத்தோடு. விக்லோ மாவட்டத்தில் கில்கூல் கடற்கரை. அங்கே கூழாங்கல்லின் மேலேயே சின்ன ஆலாக்கள் (லிட்டில் டெர்ன் என்ற கடற்பறவைகள்) முட்டையிடுகின்றன. முட்டையும் கல்லும் பக்கத்தில் இருந்தால் எது எது என்று தெரியாது. 1985 முதல் வேலி போட்டுக் காவலர் வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். கூட்டிலிருக்கும் பறவையைத் தொந்தரவு செய்வது 1976 வனஉயிர்ச் சட்டப்படி குற்றம், கூட்டருகே படம் எடுக்கத் தேசியப் பூங்காத் துறையின் உரிமம் வேண்டும். ஆகையால் வேலிக்கு வெளியே, பாதையில் நின்று, மீனோடு பறந்து வரும் ஆலாவை எடுக்க முடிந்தால் போங்கள். மஞ்சள் அலகு, கறுப்பு நுனி, 24 சென்டிமீட்டர் பறவை, காற்றில் நின்று நின்று விழும். கடினமான படம், நல்ல பயிற்சி. குஞ்சுப் படம்தான் வேண்டும் என்றால் போகவே வேண்டாம்.

லென்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சால்ட்டிக்கு 70-200 கூடப் போதும், புல் தீவுக்கு 150-600 இருந்தால் நிம்மதி. இரண்டுக்கும் ஒன்றே ஒன்று என்றால் 100-400 வாங்குங்கள், தூக்கிக்கொண்டு நடக்கவும் முடியும். ஸ்கெல்லிக் பயணத்துக்கு ஒதுக்கிய பணத்தை லென்ஸில் போடுவது என் பார்வையில் புத்திசாலித்தனம்.

இனி முடிவெடுக்க. ஊரிலிருந்து ஒரு வாரத்துக்கு மட்டும் வருகிறீர்கள், அது ஜூன் அல்லது ஜூலை என்றால் சால்ட்டி, ரத்தானால் ஹோத். இங்கேயே இருப்பவர் என்றால் அக்டோபரிலிருந்து மார்ச் வரை புல் தீவு, பழகியபின் கோடைக்குச் சால்ட்டி. கை பழகாமல் முதலிலேயே சால்ட்டிக்குப் போனால் அந்த ஐந்து மணி நேரம் செட்டிங் தேடுவதிலேயே போய்விடும். டிசம்பரில் கார் இருந்து ஒரு நாள் முழுக்கக் கிடைத்தால் வெக்ஸ்ஃபர்ட் ஸ்லாப்ஸ் என்ற கடலோரத் தாழ்நிலம், கிரீன்லாந்திலிருந்து வரும் வெண்நெற்றி கூஸ்களுக்காக, ஆனால் அங்கே பறவை தூரத்தில், டெலஸ்கோப்புக்குத்தான் அதிக வேலை. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கம் என்று இரண்டு பருவத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் சாண்டிமவுண்ட் கடற்கரைக்குச் சாயங்காலம் போங்கள். தெற்கே கிளம்பும் முன் ஆலாக்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இரவு தங்க வந்து சேரும், ராக்கபில் தீவில் பொரித்த ரோஜா ஆலாக்களும் அதில் இருக்கும். அது கிழக்குப் பார்த்த கரை, மறையும் சூரியன் உங்கள் பின்னால் இருக்கும், அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.